அப்பா என்னைச் சேர்த்துவிட்ட பல்கலைக்கழகம்

"இதற்கு முன் இங்கே வந்திருக்கிறீர்களா?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

என்னைவிட ஒரு வயது மூத்தவளாக இருக்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் நெஞ்சில் பெரிதாக அச்சடித்த கருநீல ஹூடி போட்டிருந்தாள். நேர்முகத்துக்கு வருகிறவர்களை வாசலில் சந்தித்து மாடிக்குக் கூட்டிப்போவது அவளுடைய வேலை. நான் அதற்குள் இரண்டு தடவை தவறான படிக்கட்டில் ஏறி இறங்கி, மூச்சு வாங்க நின்றிருந்தேன்.

"இல்லை. இதுதான் முதல் தடவை," என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். சொன்ன கையோடு, பின்னால் தமிழர் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் லண்டனில் நாங்கள் இருந்த ஹவுன்ஸ்லோவில் எங்களைத் தெரிந்த அத்தனை பேரும் நான் அந்தக் கட்டடத்துக்கு அரை வருடமாகத் தினமும் போய்வருகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவள் போட்டிருந்த அதே ஹூடி என்னிடமும் இருந்தது. என்னுடையது அவளுடையதைவிடக் கொஞ்சம் வெளுத்துப்போயிருந்தது. அவ்வளவு தோய்த்திருந்தோம்.

மாடியில் ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டுப் போனாள். தரையில் மெழுகு வாசம். எதிர்ச்சுவரில் ஏதோ ஒரு பாலத்தின் படம். அம்மாவின் கறுப்புச் சப்பாத்து என் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. என்னைத் தவிர அங்கே காத்திருந்த மூன்று பேரும் தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் வெட்கமாக இருந்தது.

அந்தக் கதவு திறந்து என் பெயரைக் கூப்பிடக் கொஞ்சம் நேரமாகும். அந்த நாற்காலிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

டென்மார்க் ஆக்கள்

எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது நாங்கள் லண்டனுக்கு வந்தோம். அதற்கு முன் டென்மார்க்கில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். அப்பா மீன் பதனிடும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தோட்டத்தோடு வீடு, தோட்டத்தில் ஒரு ஆப்பிள் மரம். ஊரில் கடைக்காரர், தபால்காரர் எல்லோரும் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள்.

இதையெல்லாம் ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் அப்பா என் பக்கம் கையைக் காட்டுவார்.

"பிள்ளை இங்கிலீஷில படிக்கோணும்."

அந்த நாட்களில் ஐரோப்பாவிலிருந்த எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தக் காய்ச்சல் பிடித்திருந்தது. ஜெர்மனியிலிருந்தும் ஹொலண்டிலிருந்தும் கார்க் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். பிள்ளைகளின் படிப்பு. எங்களுக்கு முன்பே லண்டனில் வேர்விட்டிருந்தவர்கள் எங்களை 'டென்மார்க் ஆக்கள்' என்றார்கள். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும்.

லண்டனில் அப்பாவுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் வேலை கிடைத்தது. அவருக்கு மேலே இருந்த சூப்பர்வைசருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அப்பா அதைப்பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருப்பார். பதினேழு வயதுப் பெண்ணின் புத்தகத்துக்கு எந்தத் தகப்பன் உறை போடுவார், சொல்லுங்கள்.

எனக்கோ இங்கிலீஷ் தடுக்கியது. பௌதிகக் கேள்வியை வாசித்து, தலைக்குள் டேனிஷுக்கு மாற்றி, விடையைக் கண்டுபிடித்து, திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுவருவதற்குள் மற்றவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். ஏ லெவல் பரீட்சை முடிவு வந்த அன்று நான் எதிர்பார்த்த பல்கலைக்கழகங்கள் எதுவும் என்னை எடுக்கவில்லை. கிளியரிங் என்று ஒன்று இருக்கிறது. எங்கே இடம் மிஞ்சிக் கிடக்கிறது என்று தொலைபேசியில் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு, எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய, யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் கிடைத்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அப்பா வாசலில் நின்றார். "கிடைச்சிட்டுதோ?" என்றார். "ஓம்," என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

கையில் மட்டன் ரோல்

அடுத்த மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. பெரிய மண்டபம், புகை இயந்திரம், காது கிழியும் பாட்டு. லண்டனில் எங்கள் கொண்டாட்டங்களில் மைக் பிடிப்பதற்கென்றே சுந்தரம் அங்கிள் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் காதில் விழுந்தது ஹவுன்ஸ்லோவிலிருந்து சட்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவர் எங்கள் மேசைக்கு வந்தார்.

"என்ன தம்பி, மகள் இந்த வருஷம் யூனிக்குப் போறாவெல்லே? எங்க கிடைச்சது?"

அப்பாவின் கையில் பாதி கடித்த மட்டன் ரோல். வாயில் இருந்ததை விழுங்கினார். விழுங்கிவிட்டு, பிறகு நான் நேர்முகத்துக்குக் காத்திருந்த அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார்.

எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. அம்மாவின் கை தண்ணீர்க் கிளாஸில் அப்படியே நின்றது.

"அட! டென்மார்க்கில இருந்து வந்து ரெண்டு வருஷத்தில! கெட்டிக்காரி!" என்று சுந்தரம் அங்கிள் என் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் மணமக்களை வாழ்த்தும் சாக்கில் மைக்கிலும் சொல்லிவிட்டார். மண்டபம் கைதட்டியது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

திரும்பி வரும்போது காரில் அம்மா கேட்டார்: "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வாயில வந்திட்டுது."

கொஞ்சத் தூரம் போன பிறகு அப்பாவே மறுபடி பேசினார். "ஒரு வருஷம்தானே. நல்லாச் செய்தால் அடுத்த வருஷம் அங்க மாறலாமாம். விசாரிச்சனான்."

அதாவது, வாயில் சும்மா வரவில்லை. என்னை அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்பா சேர்த்துவிட்டார். அந்தப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்வதுதான் பாக்கி.

ஹூடி அதற்கு அடுத்த கிழமை வந்தது. விடுமுறை நாளில் அப்பா தனியாக மத்திய லண்டனுக்குப் போய், பல்கலைக்கழகக் கடையில் வாங்கி வந்தார். அங்கே நீ யார் என்று கேட்க மாட்டார்கள், யாரும் வாங்கலாம். எனக்கு இரண்டு அளவு பெரிது. "வளர்ற பிள்ளைதானே," என்றார். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது.

காலையில் அதைப் போட்டுக்கொண்டு, தமிழ்க் கடைகளைத் தாண்டி டியூப் ரயில் ஸ்டேசனுக்கு நடப்பேன். ஒரு ஸ்டேசன் போய் இறங்கி, ஹூடியைக் கழற்றிப் பைக்குள் திணித்து, வந்த வழியே திரும்பிப்போகும் பஸ்ஸில் ஏறுவேன். பஸ் எங்கள் தெருமுனையைக் கடக்கும்போது குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவேன். நாடா இல்லாத சப்பாத்துப் போட்ட நாட்களிலும் குனிந்திருக்கிறேன்.

படித்த கை

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அடுத்ததை அப்படி எழுத முடியாது.

விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்பு பக்கத்து வீட்டு வசந்தியக்கா வெற்றிலைத் தட்டோடு வந்தார். நிறைமாத வயிறு. அவருடைய கணவருக்கு விமான நிலைய கார்கோவில் ஷிப்ட் வேலை. மகன் அபிராமுக்கு மூன்று வயது. ஏடு தொடக்க வேண்டும்.

"கோயிலில ஐயர் வரிசையா எல்லாப் பிள்ளையளின்ர கையையும் பிடிக்கிறார்தான்," என்றார். "எண்டாலும் நல்லாப் படிச்ச ஒரு கை பிடிச்சால் அந்தப் படிப்பு பிள்ளைக்கும் வருமாம். சுபா, நீர்தான் வந்து பிடிக்கோணும்."

குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதவைப்பது சின்ன விசயம் இல்லை. எங்கள் ஆட்களிடையே அதற்கு ஆசிரியரைக் கூப்பிடுவார்கள், டாக்டரைக் கூப்பிடுவார்கள். பிள்ளை வளர்ந்த பிறகும் 'எனக்கு ஏடு தொடக்கினவர்' என்று சொல்லும்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அதுக்கென்ன, வருவா," என்றார்.

போனேன். அம்மாவின் மாம்பழக்கலர்ச் சேலை. வசந்தியக்காவின் வரவேற்பறையில் குத்துவிளக்கு, அவல், கடலை, தட்டு நிறைய அரிசி. அபிராமை என் மடியில் இருத்தினார்கள். அவன் கையில் சர்க்கரை பிசுபிசுத்தது. அவனுடைய ஆட்காட்டி விரலைப் பிடித்தேன். விரல் சூடாக இருந்தது.

மூலையில் அவனுடைய தகப்பன் வீடியோ கமெராவோடு நின்றார். வசந்தியக்கா கமெராவைப் பார்த்துச் சொன்னார்: "அபிராமுக்கு ஏடு தொடக்கிறது சுபா அக்கா. அவ படிக்கிறது..." பிறகு பெயர். அந்தப் பெயர் முழுதாக, சுத்தமாக, ஒளிநாடாவில் ஏறியது.

அரிசியில் 'அ' எழுதினோம். சுழி கோணிவிட்டது. குழந்தை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்போது எனக்கு எழும்பி ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஒரு குழந்தையின் முதல் எழுத்தில் எங்கள் பொய்யைக் கலந்துவிட்டோமே என்று இருந்தது. சாமி குத்தம் வரும் என்ற பயம்கூட வந்தது. சாமியை அவ்வளவாக நம்பாதவள் நான்.

வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்துப் போட்டேன். அப்பாவிடம், "அந்த மாறுற விண்ணப்பம் எப்ப போடோணும்?" என்று கேட்டேன். அன்றுவரை அது அப்பாவின் ஆசை. அன்றிலிருந்து எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. அந்தப் பெயரை உண்மையாக்கினால்தான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியும் என்று நினைத்தேன்.

உங்களுக்கு அங்கே என்ன குறை?

கதவு திறந்தது. என் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். நரைத்த பேராசிரியர் ஒருவர், குறிப்பெடுக்கும் இளம் பெண்மணி ஒருவர். கரும்பலகையில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். இரு முனையும் தாங்கிய உத்திரம், நடுவில் பாரம். எங்கே முறியும், ஏன் முறியும்? சோக்கட்டியைக் கையில் எடுத்ததும் பயம் போய்விட்டது. அந்தக் கேள்வியை டேனிஷுக்கு மாற்றாமலேயே செய்து முடித்தேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேராசிரியர் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி. நீங்கள் இப்போது படிக்கும் இடத்தில் உங்களுக்கு என்ன குறை?"

ஆய்வுகூட வசதி, ஆராய்ச்சி, பாடத்தெரிவு என்று பாடமாக்கி வந்ததை ஒப்பித்தேன். அவர் முன்னால் கிடந்த தாளைப் பார்த்தார். என் விரிவுரையாளர் எனக்காக எழுதிய பரிந்துரை அது. கழுத்துப்பட்டியில் எப்போதும் தேநீர்க் கறை இருக்கும் மனிதர். மாணவர்கள் எல்லோரும் எங்கேயாவது பகுதிநேர வேலை செய்துவிட்டு அரைத் தூக்கத்தில் வருவார்கள் என்று தெரிந்து, எந்தப் பாடத்தையும் இரண்டு முறை நடத்துவார்.

"உங்கள் ஆசிரியர் எழுதியிருக்கிறார். நீங்கள் போனால் வகுப்புக்கு நட்டமாம். ஆனாலும் போகத்தான் வேண்டுமாம்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அவருடைய வகுப்புப் பிடிக்கவில்லையா?"

காது இரண்டும் சுட்டன. அவருடைய வகுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. என் தகப்பனார் ஒரு கல்யாண மண்டபத்தில் ரோல் சாப்பிடும்போது உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார், அதனால் வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"பிடிக்கும்," என்றேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது. அந்தப் பெண்மணி எதையோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து, கழிப்பறையில் முகத்தைக் கழுவினேன். எனக்கு நல்லதைச் செய்த ஒரு இடத்தை ஊருக்கு ஒளித்துக்கொண்டு திரிகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

யாருக்கும் சொல்ல முடியாத செய்தி

கிடைத்துவிட்டது.

தபால் வந்தபோது அப்பா வேலைக்குப் போகவில்லை. கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். முகம் மலர்ந்தது. பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.

"முதலாம் வருஷமெண்டு கிடக்கு?"

"ஓம் அப்பா. ரெண்டாம் வருஷத்தில எடுக்கமாட்டினமாம். திரும்ப முதலாம் வருஷத்தில இருந்து தொடங்கட்டாம்."

"அப்ப..."

மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். ஊரைப் பொறுத்தவரை நான் அங்கே ஒரு வருடம் படித்து முடித்தவள்.

"படிப்புத்தானே முக்கியம்," என்றார் கடைசியில். கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அம்மா கேசரி கிண்டினார். நெய் வாசம் எழும்பியதும், யன்னலைப் பூட்டச் சொன்னார். வசந்தியக்கா வாசம் பிடித்துக்கொண்டு என்ன விசேசம் என்று கேட்டால் என்ன சொல்வது? கனடாவிலுள்ள சித்தப்பாவுக்குப் போன் எடுக்க அப்பா கைபேசியைத் தூக்கினார், பிறகு வைத்துவிட்டார். சித்தப்பாவுக்கும் போன வருடமே சொல்லியாகிவிட்டது. ஏற்கனவே படித்துக்கொண்டிருக்கும் இடத்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் வீட்டில் அதுவரைக்கும் நடந்த நல்ல காரியங்களில் அதுதான் பெரியது. மூன்று பேரும் சமையலறையில் நின்றபடி கேசரியைத் தின்று முடித்தோம். களவு எடுத்துத் தின்பதுபோல இருந்தது. அம்மா ஒருதரம் என் கன்னத்தைத் தடவினார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

எந்தப் பாடம்?

மூன்று வருடம் நன்றாகப் படித்தேன். ஆனால் ஊர் எண்ணிக்கொண்டிருந்தது. என் வயதுப் பிள்ளைகள் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்து, வரவேற்பறைச் சுவர்களில் ஏறினார்கள். நான் இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தேன், இப்போது உண்மையாகவே மத்திய லண்டனுக்கு. முதலில் யாரோ வசந்தியக்காவிடம் கேட்டிருக்கிறார்கள், "சுபா இன்னும் முடிக்கேல்லையோ?" என்று. பிறகு தாங்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

என் கடைசி வருடத்து விஜயதசமிக்கு வசந்தியக்காவின் இரண்டாவது குழந்தைக்கு ஏடு தொடக்கினார்கள். எங்கள் வீட்டுக்கும் அவல் கடலை வந்தது. கையைப் பிடித்தது சட்டனிலிருந்து வந்த, புதிதாக டாக்டரான ஒரு பெண் என்று அபிராம்தான் சொன்னான். வசந்தியக்கா என்னிடம் முன்னைவிட அன்பாகப் பேசினார். நோயாளியோடு பேசுவதுபோல, குரலைத் தாழ்த்தி. பட்டத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. எனக்கு அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

மாரி தொடங்கிய பிறகு ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில் அப்பாவும் நானும் தட்டோடு நின்றோம். சுந்தரம் அங்கிள் வந்தார். நல்லவேளை, கையில் மைக் இல்லை. குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

"தம்பி, குறை நினைக்காதையும். மகள் ஒரு வருஷம் பெயில் விட்டிட்டாவெண்டு கதைக்கினம். உண்மையோ?"

அப்பாவின் தட்டு லேசாகச் சரிந்தது. அவருக்கு இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்றைச் சொன்னால் அவர் பொய்யர். மற்றதைச் சொன்னால் நான் தோற்றவள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் அண்ணை," என்றார். "ஒரு வருஷம் விட்டிட்டா."

கோபம் வந்தது என்று சொன்னால் அது பொய். என்னை அப்படியே நிலத்துக்குள் தள்ளி மூடியது போல வெட்கம் வந்தது. எனக்காக எவ்வளவு, அவருக்காக எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

சுந்தரம் அங்கிள் இரக்கத்தோடு என் பக்கம் திரும்பினார். "கவலைப்படாதையும் பிள்ளை. என்ர மூத்தவனும் ஒருக்கா விட்டவன்தான். எந்தப் பாடம் விட்டனீர்?"

அப்பா வாயைத் திறந்தார். அந்தக் கிழமைதான் அந்தப் பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கான பரிசுக்கு என் பெயரை அறிவித்திருந்தார்கள். அவருக்கும் தெரியும்.

"கணிதம், அங்கிள்," என்றேன்.

அப்போதுதான் அப்பா என் முகத்தைப் பார்த்தார்.